வைக்கோல் தீயும் உமித் தீயும்

தோழா!

"ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில் அரசியல் எழுதுவான் என்று பார்த்தால், தொலைக்காட்சிக் காதலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறானே!" என்று நீ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. கேட்கட்டும். அந்த முணுமுணுப்புக்கு விடை சொல்லிவிட்டே மேலே செல்கிறேன். கூத்துக் கொட்டகையைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் அல்ல நாம். மேடையில் மூன்று மணி நேரம் முழங்கியும் இறங்காத கருத்து, நாடகத்தில் ஒரு கோமாளியின் வாய்வழியே மூன்று நொடியில் இறங்குவதைக் கண்டவர்கள். அந்தக் கொட்டகை இன்று கையகலக் கண்ணாடியாகச் சுருங்கிவிட்டது. சுருங்கியதா? இல்லை, பரவிவிட்டது! பாகூர் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவன் சட்டைப்பையில் அது இருக்கிறது. வில்லியனூர்த் தேரடியில் பூத்தொடுப்பவள் மடியில் அது இருக்கிறது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குச் செல்லும் பேருந்தில், அரைத் தூக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணின் உள்ளங்கையில் அது ஒளிர்கிறது. அங்கே என்ன நாடகம் நடக்கிறது என்று பாராமல் ஊருக்கு அரசியல் சொல்லப் புறப்படுபவன், சந்தை எங்கே கூடுகிறது என்று தெரியாமல் மூட்டையைச் சுமந்தவன் ஆவான்.

நான் சொல்லவந்த நாடகம் இதுதான். ஆண் ஒருவன், பெண் ஒருத்தி. இருவரும் துப்பறியும் தொழிலில் கூட்டாளிகள். கொலை நடக்கிறது, இருவரும் ஓடுகிறார்கள். அவன் ஒன்று சொல்ல, அவள் மறுக்கிறாள். அவள் கண்ட தடயத்தை அவன் காணவில்லை. அவன் அஞ்சிய இடத்தில் அவள் நுழைகிறாள். வாரந்தோறும் ஒரு கொலைக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஆனால், அந்த இருவருக்கும் இடையில் இருப்பது என்ன என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. நட்பா? மதிப்பா? பழக்கமா? அதற்கும் மேலா? ஆண்டுகள் உருள்கின்றன. பார்ப்பவன் தவிக்கிறான். பாத்திரங்களோ பணியைப் பார்க்கின்றன.

இதற்கு மேல்நாட்டார் என்ன பெயர் இட்டாலும் இடட்டும். நெல் விளையும் பாகூர்ப் பக்கத்தானுக்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. வைக்கோல் தீயும் அவனுக்குத் தெரியும். உமித் தீயும் தெரியும். வைக்கோல் போரில் பற்றிய தீ வானளவு எழும், ஊரைக் கூட்டும், கண்ணைப் பறிக்கும், கால்நாழிகையில் கரியாகிவிடும். உமியில் இட்ட தீ கண்ணுக்குத் தெரியாது. புகை கூட மெல்லியது. கையை வைத்தவனுக்குத்தான் தெரியும் அதன் வெம்மை. விடிய விடிய இருக்கும்.

நமது திரையுலகம் எழுபது எண்பது ஆண்டுகளாக நமக்கு விற்றது பெரும்பாலும் வைக்கோல் தீ. நாயகன் கண்டான், காதல் கொண்டான், அடுத்த காட்சியில் ஆற்றங்கரையில் பாட்டு! அவள் என்ன படித்தாள், என்ன தொழில் செய்கிறாள், எதைக் கண்டு சினப்பாள், எதைக் கேட்டுச் சிரிப்பாள் என்பதெல்லாம் அவனுக்குத் தேவைப்படவில்லை. இந்த அளவோடு நின்றிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அவள் 'வேண்டாம்' என்றால், பேருந்து நிறுத்தம் வரை தொடர்வான். கல்லூரி வாயில் வரை தொடர்வான். கையை அறுத்துக்கொள்வேன் என்பான். நண்பர்கள் நால்வர் சூழ நின்று நையாண்டிப் பாட்டுப் பாடுவார்கள். இறுதியில் அவள் இரங்குவாள். இதைக் காதல் என்று நம்பி வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு, தோழா! 2013இல் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, பெண்ணைப் பின்தொடர்வதைத் தனிக் குற்றமாக்கிற்று; 2024 சூலை முதல் நடப்புக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் அது 78ஆம் பிரிவாக இருக்கிறது. சட்டம் குற்றம் என்கிறது; திரை அதையே கொஞ்சல் என்கிறது! 2016 சூன் 24ஆம் நாள் காலை, சென்னை நுங்கம்பாக்கம் தொடர்வண்டி நிலையத்தில், அலுவலகம் செல்ல நின்றிருந்த இளம்பெண் வெட்டிச் சாய்க்கப்பட்டபோது, தொடர்ந்து திரிந்த ஒருவனைத்தான் காவல்துறை கைது செய்தது. அவன் சிறையில் இறந்தான்; வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அந்த நிலையத்து மேடையில் நின்ற மக்கள் கூட்டத்தைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்த ஏடு போதாது.

அதனால்தான் சொல்கிறேன்: திரைக் காதல்களில் கூட்டாளிக் காதல் ஒரு நல்ல விதிவிலக்கு. அங்கே காதலுக்கு முன்னே அறிமுகம் வருகிறது. அறிமுகத்துக்கு முன்னே வேலை வருகிறது. அவள் எப்படி வேலை செய்கிறாள் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் அவளை அறிகிறான். நெற்றிப் பொட்டை அல்ல, நெஞ்சுரத்தைப் பார்க்கிறான். 'இவள் சொன்னால் சரியாக இருக்கும்' என்ற எண்ணம் முதலில் வருகிறது. 'இவள் இல்லாமல் இருக்க முடியாது' என்ற எண்ணம் கடைசியில் வருகிறது. இந்த வரிசை முறைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

மேல்நாட்டில் இது நடந்த கதையைச் சிறிது கேள். 1985 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'மூன்லைட்டிங்' என்ற தொடர் வந்தது. சிபில் ஷெப்பர்டும் புரூஸ் வில்லிசும் ஒரு துப்பறியும் நிறுவனத்தை நடத்துவார்கள். நடத்துவதை விடச் சண்டையிடுவார்கள். 1987 மார்ச்சில் எழுத்தாளர்கள் இருவரையும் சேர்த்து வைத்தனர். 1989 மே மாதம் தொடர் மூடுவிழாக் கண்டது. உடனே ஒரு மூடநம்பிக்கை பிறந்தது, அறிவியல் வளர்ந்த அமெரிக்காவில்! 'காதலரைச் சேர்த்து வைத்தால் தொடர் செத்துவிடும்' என்று அதற்குச் சாபம் என்றே பெயர் சூட்டினார்கள். உண்மை என்ன? நடிகைக்கு மகப்பேறு, நடிகருக்கு வெள்ளித்திரை அழைப்பு, 1988இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம், படப்பிடிப்போ எப்போதும் காலந்தாழ்ந்தது. இத்தனை காரணங்கள் கண்முன் இருக்க, காதலின் மீது பழியைப் போட்டார்கள். பூனை குறுக்கே போனதால் பேருந்து கவிழ்ந்தது என்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? பின்னால் 2005இல் தொடங்கிய 'போன்ஸ்' தொடரில், எலும்பாய்வு செய்யும் பெண் அறிஞரும் புலனாய்வு அதிகாரியும் ஆறாம் பருவத்தின் முடிவில் இணைந்தார்கள்; இணைந்த பிறகும் 2017 வரை தொடர் ஓடிற்று. குழந்தை பிறந்தது, சண்டை நடந்தது, கொலைகளுக்கும் விடை கண்டார்கள். சாபமாவது, மண்ணாங்கட்டியாவது!

ஆயினும் இந்த வகையின் தலைநாடகம் 1993 செப்டம்பரில் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்'தான். முல்டர் என்ற ஆண் அதிகாரி எதையும் நம்புபவன்: பறக்கும் தட்டு, வேற்றுலகத்தார், பேய், பிசாசு எல்லாம். ஸ்கல்லி என்ற பெண் அதிகாரி மருத்துவம் கற்றவள். சான்று காட்டு என்பவள். கவனித்தாயா, தோழா? நம் ஊர்க் கதைகளில் பெண் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு ஆடுவாள்; ஆண் அறிவு பேசுவான். அங்கே தலைகீழ்! பகுத்தறிவின் பக்கம் பெண் நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்த சிறுமிகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்பதை 2018இல் ஜீனா டேவிஸ் நிறுவனம் கேட்டறிந்தது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் பணியாற்றுவோரில் அந்தப் பாத்திரத்தை அறிந்த பெண்களில் 63 விழுக்காட்டினர், ஸ்கல்லி தங்களுக்கு முன்மாதிரி என்றனர். நாடகம் பொழுதுபோக்கு மட்டுமே என்று வாதிடும் நண்பர் எவரேனும் உன் பக்கத்தில் இருந்தால், இந்த எண்ணை அவருக்குப் படித்துக் காட்டு.

அந்த இருவருக்கும் இடையே ஒரு முத்தம் நிகழ 1999 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது; ஏழாவது பருவம்! தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர் காதலையே விரும்பவில்லை. பார்த்தவர்கள் விரும்பினார்கள். இவர்கள் இணைய வேண்டும் என்று விரும்பியோர் தமக்கென ஒரு பெயரையே படைத்துக்கொண்டனர். இன்று உலகெங்கும் இளைஞர்கள் வழங்கும் 'ஷிப்பர்' என்ற சொல் அந்தத் தொடரின் விசிறிகளிடமிருந்து பிறந்ததுதான். வில்லியனூரில் பள்ளிப் பிள்ளைகளும் அந்தச் சொல்லைச் சொல்கின்றன. எங்கிருந்து வந்தது என்று அறியாமலே.

இதுவரை இனிப்பு. இனிக் கசப்பைக் கேள்.

திரையில் அவள் சமம். படப்பிடிப்புத் தளத்தில்? ஸ்கல்லியாக நடித்த கில்லியன் ஆண்டர்சன், 2016இல் செய்தியாளரிடம் தன் வாயாலேயே சொன்னார். தொடக்கத்தில், படக்கருவிக்கு முன் நடந்துவரும்போது, ஆண் நடிகருக்குச் சில அடி பின்னால் நிற்க வேண்டும் என்று கட்டளையாம்! பக்கத்தில் நடக்கக் கூடாதாம்! ஆண் நடிகருக்கு இணையான ஊதியம் பெற மூன்று ஆண்டுகள் போராடினாராம். சரி, அது பழைய கதை என்று விட்டுவிடலாம் என்றால், பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2016இல் தொடர் மீண்டும் வந்தபோது, அவருக்கு முதலில் பேசப்பட்ட தொகை ஆண் நடிகருக்குப் பேசப்பட்டதில் பாதி! மறுபடியும் போராடித்தான் சமமாகப் பெற்றார். உலகமே அந்த இருவரையும் இணைகள் என்று கொண்டாடிற்று. சம்பளப் பட்டியலில் ஒருவர் முழு ஆள், இன்னொருவர் அரை ஆள். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்ணாளுக்கு ஒரு கூலி, ஆணாளுக்கு ஒரு கூலி என்று கொடுத்த பண்ணையாருக்கும் அந்தப் படமுதலாளிக்கும் நடுவே கடல்தான் உண்டு. கருத்து வேறுபாடு இல்லை.

'காசில்' என்ற இன்னொரு தொடரின் கதை இதைவிட மோசம். கொலைத் துப்பறியும் பெண் அதிகாரியும், அவளைப் பின்பற்றி வரும் கதாசிரியனும், 2009இல் தொடங்கிற்று, பல பருவம் காத்துக் கனிந்து, 2014 நவம்பரில் திருமணமும் நடந்தது. 2016 ஏப்ரலில், அடுத்த பருவத்துக்குக் கதாநாயகி ஸ்டானா கேட்டிக் வேண்டாம் என்று அறிவித்தார்கள். நாயகன் மட்டும் இருப்பானாம்! காதல் கதையில் காதலியை நீக்கிவிட்டுக் கதை நடத்தப் போனார்கள். அடுத்த மாதமே தொடரையே நிறுத்த வேண்டியதாயிற்று. மணப்பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு மேளத்தை மட்டும் வாசிக்கச் சொன்னால் ஊர் உட்கார்ந்திருக்குமா?

பிரான்சில் உறவினர் இல்லாத தெரு நம் புதுவையில் குறைவு. அவர்களைக் கேட்டால் 'ஆஷ்.பே.இ.' என்ற தொடரைப் பற்றிச் சொல்வார்கள். 2021 ஏப்ரலில் அங்கே தொடங்கியது. காவல் நிலையத்தில் துப்புரவுப் பணி செய்த ஏழைத் தாய், தன் அறிவுக் கூர்மையால் அதிகாரிக்கு இணையாகத் துப்பறிகிறாள்; நாளடைவில் அந்த அதிகாரியின் உள்ளமும் இளகுகிறது. துடைப்பம் பிடித்த கையை மூளையற்ற கை என்று எண்ணியவர்களுக்கு நல்ல சூடு. அமெரிக்கர் 2024இல் அதைத் தம் மொழியில் எடுத்துக்கொண்டனர்.

சரி, நமது மொழியில்?

நமக்கு இது புதிதன்று, தோழா! தொலைக்காட்சிக்கு முன்பே, பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களில் இந்தக் கூட்டாளிகள் குடியிருந்தார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும், எத்தனை கொலைகளுக்கு விடை கண்டார்கள்! சுசீலாவின் பனியனில் இந்த மாதம் என்ன வாசகம் என்று பார்ப்பதற்காகவே புத்தகம் வாங்கியவர்கள் உண்டு. அது வளர்ச்சியா வீழ்ச்சியா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: அந்தப் பெண்கள் அடுப்படியில் நிற்கவில்லை. அலுவலகத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். காதலன் வருவான் என்று காத்திருக்காமல், கொலைகாரனைத் துரத்தினார்கள். நாவல் ஏடு மலிவான தாளில் அச்சாயிற்று என்பதற்காகச் செய்தியும் மலிவு என்று புலவர் பெருமக்கள் ஒதுக்கினார்கள். வடநாட்டில் 1998 சனவரி முதல் இருபது ஆண்டுகள் ஓடிய 'சி.ஐ.டி.' தொடரிலும் அபிஜித் என்ற அதிகாரியும் தாரிகா என்ற தடயவியல் மருத்துவரும் ஆண்டுக்கணக்கில் கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தனர். மூத்த மருத்துவர் நடுவில் நுழைந்து கலைத்துக்கொண்டே இருந்தார்.

தமிழில் அண்மைக் காலத்தில் உமித் தீயைக் கண்டது 2022 சூன் 17 அன்று வெளிவந்த 'சுழல்' தொடரில். புஷ்கர், காயத்ரி என்ற இணையர் எழுதிப் படைத்தது, பிரம்மாவும் அனுசரணும் இயக்கியது, எட்டுப் பகுதிகள். ஓர் ஆலைத் தீவிபத்து. அதே வேளையில் தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகள் காணாமற்போகிறாள். பார்த்திபன் அந்தத் தலைவராக வருகிறார்: கொள்கை பேசுகிற, பிடிவாதம் மிகுந்த, குடும்பத்தைக் கோட்டைவிட்ட மனிதர். அவரைக் கண்டு நம்மில் சிலர் கோபித்துக்கொண்டார்கள், நான் கோபிக்கவில்லை. ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்று, வீட்டில் மகள் முகத்தைப் பாராத தோழர்கள் எத்தனை பேர் என்று நமக்குள்ளேயே எண்ணிக்கொள்ளலாம். அவருடைய மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ். உதவி ஆய்வாளன் சக்கரையாகக் கதிர்.

சக்கரைக்கு வேறொரு பெண்ணுடன் திருமணம் உறுதியாகியிருக்கிறது. நந்தினியோ தங்கையை இழந்து நிற்பவள். இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள். மயானக் கொள்ளைத் திருவிழா ஊரை ஆட்டிக்கொண்டிருக்கிறது. (நம் பக்கத்து மேல்மலையனூர்த் திருவிழாவை மலையடிவாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்வந்த வில்லியனூர்க்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அதில் எனக்கும் உடன்பாடே.) பெண் காணாமற்போனதும் ஊர் என்ன சொல்கிறது? 'ஓடிப்போய்விட்டாள்!' மூன்றே சொல்லில் வழக்கை முடித்துவிடுகிறது ஊர். கடைசியில் தெரிகிறது, அந்தப் பெண்ணுக்குத் தீங்கிழைத்தவன் அவள் காதலித்தவன் அல்லன், குடும்பத்துக்குள்ளேயே இருந்தவன், உறவென்று நம்பப்பட்டவன். பெண்ணைக் காதலனிடமிருந்து காப்பாற்ற அரிவாள் தூக்குகிற ஊருக்கு, வீட்டுக்குள் இருக்கும் ஓநாயைக் காட்டிய அந்தத் துணிவுக்காகவே இந்தத் தொடரை நான் பாராட்டுகிறேன்.

நம் இருவர் என்ன ஆனார்கள்? ஒன்றும் ஆகவில்லை! ஒரு பாட்டு இல்லை. ஒரு தழுவல் இல்லை. அவன் பார்வையில் ஏதோ இருக்கிறது, அவள் பேச்சு பாதியில் நிற்கிறது, அவ்வளவே. 2025 பிப்ரவரி 28இல் இரண்டாம் பருவம் வந்தது. அவள் சிறையில் இருக்கிறாள். அவன் அவளைக் கைவிடாமல் நிற்கிறான். அப்போதும் 'காதல்' என்ற சொல்லை அவர்கள் வாயில் திணிக்கவில்லை. நாடகம் எழுதிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது எளிதன்று. இரண்டு மணி நேர நாடகத்தில், மூன்றாம் காட்சியிலேயே கைகோத்துவிடச் சொல்லிக் கொட்டகைக்காரர் நச்சரிப்பார். அடக்கிப் பிடிப்பதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். சக்கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவன் காவல்காரன், அவள் அவன் விசாரிக்கும் வழக்கில் துயருற்றவள், பிறகு குற்றம் சாட்டப்பட்டவள். அதிகாரம் ஒரு பக்கம் இருக்கும்போது காதல் பேசுவது, கல்லாப்பெட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கடன்காரியிடம் கொஞ்சுவதற்கு ஒப்பாகும். அந்த வேற்றுமை நீங்கும்வரை அவன் வாயைத் திறக்காமல் இருப்பதே ஆண்மை. அந்த இடத்தில் தொடர் தவறவில்லை.

ஆனாலும் மனத்தில் ஒரு நெருடல். இந்தத் துப்பறியும் தொடர்கள் எல்லாம் காக்கிச் சட்டைக்கு வெள்ளையடிக்கின்றன. காவலன் நல்லவன், காதலன் ஆகவும் நல்லவன் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண், 2020 சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு மாண்டதை எப்படிப் பார்க்கும்? சக்கரையைப் போன்ற உதவி ஆய்வாளன் எந்த நிலையத்தில் இருக்கிறான் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுத எனக்கு ஆசைதான். அதற்காகப் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. பார்க்கும்போது, இது நாடகம் என்ற ஓர் ஓரக்கண் இருக்கட்டும்.

காக்கிக்குள் பெண் நுழைந்த வரலாறும் இத்துடன் சேர்ந்ததே. 1973இல் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1992இல், சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் நிலையம். தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியான திலகவதி 1976இல் பணிக்கு வந்தவர், அவரே எழுத்தாளர், 'கல்மரம்' புதினத்துக்காக 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். காவலும் எழுதும், காக்கியும் கதை சொல்லும் என்பதற்கு நம் பெண்ணே சான்றாக இருக்க, தொலைக்காட்சி மாலைதோறும் நமக்குக் காட்டுவதோ மருமகள் பாலில் நஞ்சு கலக்கும் மாமியாரை!

பழந்தமிழ் இலக்கணத்தின் பக்கம் ஒரு நொடி திரும்பிவிட்டு வருகிறேன். காதலர்க்குப் பத்து ஒப்புமைகளை வகுத்தார் தொல்காப்பியர். பிறப்பும் குடிமையும் அந்த வரிசையில் முன்னே நிற்கின்றன. அருளும் உணர்வும் பின்னே வருகின்றன. உரையாசிரியர்கள் மன்னிக்கட்டும், நான் வரிசையைத் திருப்பிப் போட்டு, முன்னிரண்டையும் கடைசியில் கழற்றியே விட்டுவிடுவேன். ஆனால் அதே இலக்கணம் முல்லைக்கு வகுத்த 'இருத்தல்' எனக்குப் பெரிதும் உகந்தது. ஆற்றியிருத்தல், காத்திருத்தல். உமித் தீ அன்றே நம்மிடம் இருந்தது. நம் புதுவைப் பாவேந்தரின் 'புரட்சிக்கவி'யை எண்ணிப் பார். ஆசிரியனுக்கும் இளவரசிக்கும் நடுவே திரையொன்று. அவன் குருடன் என்று அவளுக்குச் சொன்னார்கள், அவள் தொழுநோயாளி என்று அவனுக்குச் சொன்னார்கள். முகம் தெரியாது, உருவம் தெரியாது, குரலும் அறிவும் மட்டுமே தெரியும். பாடம் நடந்தது, மதிப்பு வளர்ந்தது, ஒரு நிலவொளியில் திரை விலகிற்று. அதன் பின்தான் காதல்! மன்னன் வாளை எடுத்தான், மக்கள் எழுந்தார்கள். மேல்நாட்டார் ஏழு பருவம் எழுதியதை அவர் ஒரு சிறு காவியத்தில் முடித்துவிட்டார் என்று நான் சொன்னால், அது ஊர்ப்பற்று என்று நீ சொல்வாய். சொல், அதிலும் ஓரளவு உண்மை உண்டு.

(ஊர்ப்பற்று என்றதும் இன்னொன்று. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாகூரில் ஒரு கல்லூரி இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதை நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. அந்த மண்ணில் பிறந்து கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். ஆகவே இலக்கணத்தில் பிழை இருந்தால் புலவர்கள் மடல் எழுதட்டும்.)

இனி, அந்தப் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே வா.

சேதராப்பட்டுத் தொழிற்கூடத்தில் இரவு முறையில் ஒரே பொறிக்கு இரு பக்கமும் நிற்கிறார்கள் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும். கிருமாம்பாக்கம் பக்கத்து மருத்துவமனையில் ஒரே நோயாளியின் படுக்கைக்கு இரு புறமும் நிற்கிறார்கள் செவிலிப் பெண்ணும் ஆய்வுக்கூடப் பணியாளனும். அவர்கள் தாத்தாவும் பாட்டியும் ஒரே தெருவில் நடந்ததில்லை. ஒருவர் ஊரில், மற்றவர் சேரியில். இன்று பேரப்பிள்ளைகள் ஒரே பேருந்தில் அருகருகே வருகிறார்கள். வேலை அவர்களை அறிமுகப்படுத்துகிறது. அவன் திறமையை அவள் பார்க்கிறாள். அவள் நேர்மையை அவன் பார்க்கிறான். ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு. எந்தத் தொலைக்காட்சியும் எழுதாத தொடர் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் அவர்கள் இணையும்போது கைதட்டுகிற அதே அப்பா, வீட்டில் அது நடந்தால் என்ன தட்டுவார்? கதவைத் தட்டுவார், ஆள் சேர்த்துக்கொண்டு!

திரையில் காத்திருப்பு இனிக்கும். தெருவில் காத்திருப்பு கொல்லும். இந்த வேற்றுமையை நான் பெரிதாகக் கருதுகிறேன். 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தை எடுத்துக்கொள். சாதியும் சமயமும் கடந்து மணப்பவர்க்கு அமைந்த நல்ல சட்டம்தான். ஆனால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. பெயரும் முகவரியும் அலுவலகச் சுவரில் தொங்கும். அந்த 30 நாளில் என்ன நடக்கும்? சொந்தக்காரன் எவனாவது பார்ப்பான். செய்தி ஊருக்குப் போகும். ஊர் வண்டி பிடிக்கும். மூன்று ஆண்டு பொறுமையாக வளர்ந்த ஒன்றை முப்பது நாள் அறிவிப்பு அழித்துவிடும். 2016 மார்ச் 13இல் உடுமலைப் பேருந்து நிலையத்தில், பட்டப்பகலில், கல்லூரியில் காதலித்து மணந்த இணையர் மீது வீழ்ந்த அரிவாளை நீ மறந்திருக்க மாட்டாய். 2018 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவரின் திருமணத்தில் ஊர்க்கூட்டமோ உறவுக்கூட்டமோ தலையிட உரிமை இல்லை என்று தீர்ப்பளித்து, அத்தகையோருக்குக் காவல்துறை பாதுகாப்புத் தர வேண்டிய முறைகளையும் வகுத்தது. தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. ஊர்க்காவலன் அதைப் படித்தானா என்பது வேறு செய்தி.

தமிழ்நாட்டில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறி, 1968 சனவரியில் நடப்புக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம், ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று தமக்குத் தெரிந்த மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும். 30 நாள் இல்லை. 30 நிமிடம் போதும். அந்த மணம் ஊரறிய நடந்தால்தான் செல்லும் என்று இடையில் ஒரு தடை வந்தது. 2023 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் அதை அகற்றிற்று: பொதுக்கூட்டம் கூட்டி மணந்தாக வேண்டும் என்பதில்லை, உயிருக்கு அஞ்சுவோரை அப்படிக் கட்டாயப்படுத்துவது அவர்களை ஆபத்தில் தள்ளுவதாகும், வழக்கறிஞர்களும் நண்பர் என்ற முறையில் முன்னின்று நடத்தலாம் என்று சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் முன்பு சிலர் சிரித்த சட்டம், இன்று உயிர்காக்கும் சட்டம்!

ஆகவே, தோழா, உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். நாடகத்தைப் பாராட்டிவிட்டு உறங்கப் போகாதே. உன் கிளையில் ஒரு வழக்கறிஞரின் தொலைபேசி எண் சுவரில் இருக்கட்டும். மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலக எண் அதன் கீழே இருக்கட்டும். ஓர் இரவு, மழையில் நனைந்த இருவர் வந்து கதவைத் தட்டினால், எந்தத் தெரு, என்ன குலம் என்று கேட்டு நேரத்தைப் போக்காதே. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பியதற்குச் சான்று இருக்கிறதா என்று பார். அவளைத் தனியே அழைத்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வந்தாயா என்று ஒரு பெண் தோழரைக் கேட்கச் சொல். வழக்கறிஞரை எழுப்பு. இரண்டு சாட்சிகளைக் கூப்பிடு. தேநீர் சொல். எத்தனை ஆண்டு பழக்கம் என்று மட்டும் கேட்டுப் பார். சேதராப்பட்டில் ஒரே பொறியின் இரு பக்கம் நின்ற கதையை அவர்கள் தாமாகவே சொல்லத் தொடங்குவார்கள்.